எழுபது விழுக்காடு அமைதி

மதுரையில் கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றின் துண்டுப் பிரசுரம் என் மேசைமீது கிடக்கிறது. என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. ஒருபுறம் பளபளக்கும் அலுமினியத் தாளும் மறுபுறம் ஒட்டும் ரப்பரும் கொண்ட தகடுகளைக் காரின் தரையிலும் கதவுகளுக்குள்ளும் கூரையின் அடியிலும் ஒட்டிவிட்டால், 'சாலை இரைச்சல் 70 விழுக்காடு குறையும்' என்று அதில் அச்சிட்டிருக்கிறது. 'நீங்கள் இயற்பியல்காரர், இது மெய்யா என்று சொல்லுங்கள் சார்' என்றார் நண்பர். கேட்டதற்கு முதல் நாளே பணம் கட்டிவிட்டு வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது!

அவருக்குச் சொன்ன பதிலை வாசகர்களுக்கும் சொல்வது பயனுடையது என்று கருதுகிறேன். இந்தத் தகடு மோசடிப் பொருள் அன்று. அதற்குப் பின்னால் நல்ல இயற்பியல் இருக்கிறது. ஆனால் அந்த இயற்பியல் ஒன்றைச் சொல்கிறது, துண்டுப் பிரசுரம் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எதில் எழுபது?

முதலில் அந்த 70 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்வோம். எதில் 70 விழுக்காடு? பிரசுரத்தில் அதற்கு விடை இல்லை. ஒலியின் ஆற்றலிலா, அல்லது காது உணரும் உரப்பிலா? இரண்டும் ஒன்றல்ல.

ஒலியின் அளவை நாம் டெசிபெல் என்னும் மடக்கை அளவையால் குறிக்கிறோம். ஒலிச்செறிவு பாதியாகக் குறைந்தால் அளவு 3 டெசிபெல்தான் இறங்கும். செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் 10 டெசிபெல் இறங்கும். அப்போதுதான் காது 'ஏறக்குறையப் பாதியாகிவிட்டது' என்று உணர்கிறது. அதாவது, ஆற்றலில் 90 விழுக்காட்டை அகற்றினால்தான் காதுக்கு 50 விழுக்காடு அமைதி கிடைக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். கடைக்காரர் சொல்வது ஆற்றலில் 70 விழுக்காடு என்றால், எஞ்சுவது 0.3 பங்கு, அதன் மடக்கையைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 5 டெசிபெல் குறைவு. காது உணரும் உரப்பில் 70 விழுக்காடு என்றால், ஏறத்தாழ 17 டெசிபெல் குறைய வேண்டும். ஐந்து எங்கே, பதினேழு எங்கே? முன்னது மிகுந்த கவனத்தோடு செய்தால் எட்டக்கூடிய உச்சத்துக்கு அருகில் இருக்கிறது. பின்னது, ஓடும் காரில் தகடு ஒட்டி மட்டும் எட்ட முடியாதது. வாங்குபவர் இரண்டாவதை எண்ணிக்கொண்டு பணம் கொடுக்கிறார். முதலாவதையும் பெறாமல் திரும்புகிறார். பிரசுரத்தின் முதல் குற்றம் இதுவே. அது பொய் சொல்லவில்லை. பொருள் இல்லாத ஓர் எண்ணைச் சொல்கிறது.

இரைச்சல் பிறக்கும் இடம்

ஊருக்குள் மெதுவாகச் செல்லும் காரில் எஞ்சின் ஒலியே மேலோங்கி இருக்கும். வேகம் மணிக்கு 40, 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் டயரும் சாலையும் உரசும் ஒலி முந்திக்கொள்கிறது. திருமங்கலம் தாண்டிய நெடுஞ்சாலையில் நாம் கேட்கும் 'ஹோ' என்ற இரைச்சல் பெரும்பாலும் டயருடையதே.

டயரின் வெளிப்புறத்தில் கட்டைகள் போன்ற வரிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் சாலையில் தட்டுகிறது. இரு கட்டைகளுக்கு இடையே 3 செ.மீ. என்று கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீட்டர். எனவே நொடிக்கு ஏறத்தாழ 555 தட்டுகள், 80 கி.மீ. வேகத்தில் 740. ஒரே சுரமாக ஊதாதிருக்க வேண்டுமென்று, டயர் செய்பவர்கள் கட்டைகளின் இடைவெளியைச் சிறிது மாற்றி மாற்றி அமைக்கிறார்கள். அப்போதும் மொத்த ஒலி இந்த அதிர்வெண்களைச் சுற்றியே, ஆயிரம் வரை, குவிகிறது. கட்டைகளுக்கு இடையே சிக்கிப் பிதுங்கும் காற்றும் இதில் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. டயருக்குள் அடைபட்ட காற்று ஒரு வளையம். அதன் நடுச்சுற்றளவு 1.6 மீட்டர் என்றால், ஒலியின் திசைவேகமான 343 மீட்டரை அதனால் வகுக்க, ஏறத்தாழ 214 என்ற அதிர்வெண் கிடைக்கும். அந்த அதிர்வெண்ணில் காற்று வளையம் புல்லாங்குழலின் காற்றுத் தம்பம்போல் ஒத்ததிர்கிறது. இந்த அதிர்வு சக்கரத்தின் அச்சு வழியாகவும் ஸ்பிரிங் வழியாகவும் உடலுக்குள் ஏறுகிறது.

மூன்றாவது, சாலையின் மேடுபள்ளம். மதுரைக்குத் தெற்கே திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல் மண். மழையில் ஊதியும் கோடையில் சுருங்கி வெடித்தும் அது தன்மேல் போட்ட சாலையை மெல்ல அலைபோல ஆக்கிவிடுகிறது. அலைகளில் ஏறி இறங்கும் வண்டியில் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட 'கும்' என்ற ஒலி எழுகிறது. காதைவிட நெஞ்சில்தான் அது முதலில் தெரியும்.

ஆகவே 'சாலை இரைச்சல்' என்பது ஒரே பொருள் அல்ல. மூன்று பிறப்பிடங்கள், உள்ளே வர இரண்டு வழிகள். காற்றின் வழி வருவது ஒன்று, உலோகத்தின் வழி வருவது மற்றொன்று. ஒரு மருந்து எல்லா நோய்க்கும் ஆகும் என்பவரை நாம் மருத்துவர் என்று சொல்வதில்லை அல்லவா?

தகடு செய்யும் வேலை

தகட்டின் வேலையைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஓர் எவர்சில்வர் தட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் கரண்டியால் தட்டுங்கள். நெடுநேரம் ஒலிக்கும். சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் எலுமிச்சை அளவு எடுத்துத் தட்டின் விளிம்பில் அழுத்தி ஒட்டி, மீண்டும் தட்டுங்கள். ஒலி 'டக்' என்று அடங்கிவிடும். அதே மாவைத் தட்டின் நடுவில் ஒட்டினால் அவ்வளவு வேறுபாடு தெரியாது. ஏன்? தட்டு ஒலிக்கும்போது விளிம்புதான் மிகுதியாக அதிர்கிறது. நடுப்பகுதி ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. அசையும் இடத்தில் இருக்கும் மாவு நசுங்கி நசுங்கி அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. இதற்கே அதிர்வுத் தணிப்பு என்று பெயர்.

காரின் தரைத்தகடும் கதவுத்தகடும் இந்தத் தட்டைப் போன்றவையே. தணிக்கும் பொருளை உலோகத்தில் ஒட்டி அதன் தணிப்பை அளக்கும் முறையை ஜெர்மானியரான ஓபர்ஸ்ட் 1952-ல் விளக்கினார். ஒட்டும் பொருளின்மேல் விறைப்பான மெல்லிய தாள் ஒன்றை மூடினால், பொருள் இரண்டுக்கும் இடையில் சிக்கிச் சறுக்குவிசைக்கு உள்ளாகித் தணிப்பு பெருகும் என்பதை அமெரிக்கரான கெர்வின் 1959-ல் கணக்கிட்டுக் காட்டினார். தகட்டின்மீதுள்ள அலுமினியம் அழகுக்காக அல்ல என்பது இப்போது விளங்கும்.

தட்டுச் சோதனை தரும் பாடம் மற்றொன்று: இடம் அறிந்து ஒட்ட வேண்டும். தகட்டின் நடுவில், விரலால் தட்டினால் முரசுபோல் ஒலிக்கும் பகுதியில், பரப்பில் நாலில் ஒரு பங்கு ஒட்டினாலே தணிப்பின் பெரும்பகுதி கிடைத்துவிடும். எஞ்சிய முக்கால் பங்கை மூடுவதால் கிடைக்கும் கூடுதல் பயன் சிறிது. ஆனால் கடைகளில் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள். 'முழுக் காருக்கும்' என்பதே அவர்கள் பரிந்துரை. எட்டுச் சதுர மீட்டர் ஒட்டினால், சதுர மீட்டருக்கு 3.2 கி.கி. வீதம், 25 கிலோவுக்கு மேல் சுமை. ஓர் அரிசி மூட்டையைக் காரின் ஆயுள் முழுவதும் இறக்காமல் சுமந்து திரிவதற்கு இது சமம். எரிபொருள் செலவில் அது கணக்குக் காட்டும்.

'எடை கூடினால் காற்று வழி ஒலியும் தடைபடுமே?' என்று கேட்கலாம். உண்மைதான். ஒரு சுவரின் எடை இரட்டித்தால் அது தடுக்கும் ஒலி 6 டெசிபெல் வரை கூடும் என்பது நிறை விதி. 0.8 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 6.3 கிலோ. அதன்மேல் 3.2 கிலோ சேர்த்தால் கிடைப்பது 3.6 டெசிபெல். அதுவும் ஒட்டிய அந்தச் சுவருக்கு மட்டும்.

இங்கே ஒரு கற்பனைக் கணக்கு. தரை வழியே 68, கதவுகள் வழியே 68, கண்ணாடிகள் வழியே 68 டெசிபெல் ஒலி உள்ளே வருகிறது என்று கொள்வோம். மூன்றும் சேர்ந்து 204 ஆகாது, ஏறக்குறைய 72.8 ஆகும். இப்போது தரை வழியை முற்றிலும் அடைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டும் சேர்ந்து 71. குறைந்தது 1.8 டெசிபெல்! ஒரு வழியை முழுதாக அடைத்தும் காது அறிய முடியாத அளவுதான் பயன். தகடு ஒட்டியவர்கள் பலர் 'கதவு மூடும் சத்தம் பெரிய கார்போல் ஆகிவிட்டது, ஆனால் நெடுஞ்சாலையில் பெரிதாக மாற்றம் இல்லை' என்று சொல்வதன் காரணம் இதில் இருக்கிறது. கதவு மூடும் ஒலி தகட்டின் அதிர்வு, அது தணிந்துவிட்டது. நெடுஞ்சாலை ஒலியோ கண்ணாடி வழியும் இடுக்கு வழியும் தாராளமாக வந்துகொண்டிருக்கிறது.

இடுக்கைச் சொன்னேன். ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு ஓட்டையாக இருந்தால், மற்ற 99 பங்கும் மலையைப்போல் கனத்தாலும், மொத்தத் தடை 20 டெசிபெலுக்கு மேல் போகாது. ஆகவே நைந்துபோன கதவு பீடிங் ரப்பரை மாற்றுவது, ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கூரைக்குத் தகடு ஒட்டுவதைக் காட்டிலும் பல வேளைகளில் மேலானது. அடைக்கிறேன் என்று கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவோர் உண்டு. ஐப்பசி மழையில் உள்ளே தேங்கும் நீர் கதவைத் துருப்பிடிக்கச் செய்யும்.

தகட்டின்மேல் 5 மி.மீ. பஞ்சுப் பலகையும் ஒட்டித் தருகிறார்கள். நுண்துளைப் பொருள் ஒலியை உட்கவர வேண்டுமானால் அதன் தடிமன் அலைநீளத்தோடு ஒப்பிடத் தக்கதாக இருக்க வேண்டும். 200 அதிர்வெண் கொண்ட ஒலியின் அலைநீளம் 1.7 மீட்டர். ஐந்து மில்லிமீட்டர் அதை என்ன செய்யும்? கொசுவலையால் காற்றைத் தடுப்பதுபோல்தான். உயர் அதிர்வெண் கொண்ட 'ஸ்ஸ்' ஒலியை அது ஓரளவு தணிக்கும், அவ்வளவே.

சித்திரை வெயிலில்

பிரசுரத்தின் இரண்டாவது குற்றம், அது எந்த ஊருக்கு எழுதப்பட்டது என்பதை மறந்தது. தணிப்புப் பொருளின் திறன் வெப்பநிலையைப் பொறுத்தது. குளிரில் அது கண்ணாடிபோல் விறைத்துவிடும். மிகுந்த வெப்பத்தில் குழைந்துவிடும். இடையில் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் உச்சத் தணிப்பு. லாரி டியூப் செய்யப் பயன்படும் பியூட்டைல் ரப்பரே நல்ல தகடுகளில் உள்ளது. அந்த ரப்பரால் செய்த பந்து அறை வெப்பநிலையில் துள்ளாமல் 'பொத்' என்று விழும். வெந்நீரில் போட்டெடுத்துக் கைவிட்டால் நன்றாகத் துள்ளும். துள்ளுகிறது என்றால் ஆற்றலை விழுங்கவில்லை, திருப்பித் தருகிறது என்று பொருள்.

தகடுகளின் பெட்டிமேல் அச்சிடும் தணிப்பு எண் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசுக்கு உரியது. மதுரையில் சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது. வெயிலில் நிறுத்திய காரின் கூரைத்தகடு கைவைக்க முடியாதபடி 60 டிகிரியைத் தாண்டுகிறது. அந்த நிலையில் பெட்டிமேலுள்ள எண் நமக்கு எதற்கு? மலிவு விலைத் தகடுகளில் பியூட்டைலுக்குப் பதிலாகத் தார்க்கலவை இருக்கும். அது வெயிலில் இளகி நாற்றம் அடிக்கும். கூரையில் ஒட்டியிருந்தால் பிய்ந்து தொங்கும். ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை விழுக்காடு?' என்பதல்ல, '40 டிகிரியிலும் 60 டிகிரியிலும் இதன் தணிப்பு எவ்வளவு?' என்பதே. விடை தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

அமைதி யாருக்கு?

இதுவரை சொன்னது பொருளைப் பற்றிய விமரிசனம். இனிச் சொல்வது அதன் பின்னாலுள்ள எண்ணத்தைப் பற்றியது; அதுவே எனக்கு முதன்மையாகப் படுகிறது.

தகடு ஒட்டுவதால் இரைச்சல் பிறப்பது குறைவதில்லை. காருக்குள் இருப்பவர் காதுக்கு அது வராமல் தடுக்கப்படுகிறது, அவ்வளவுதான். சாலையோரத்தில் இளநீர் விற்பவருக்கும், சைக்கிளில் செல்லும் மாணவனுக்கும், சாலையை ஒட்டிய வகுப்பறைக்கும் ஒரு டெசிபெல்கூடக் குறைவதில்லை. மதுரை பனகல் சாலையில் அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குட்பட்ட பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபெல். குடியிருப்புப் பகுதிக்கு 55-ம் 45-ம். இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு கோரிப்பாளையம் சந்திப்பில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மேலும் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு தீய சுழலும் தொடங்குகிறது. அடைத்த காருக்குள் இருப்பவருக்கு வெளியே அடிக்கும் ஹாரன் மங்கலாகக் கேட்கிறது. ஆகவே வெளியே இருப்பவர் மேலும் உரத்த ஹாரன் பொருத்துகிறார். பல சுரத்தில் அலறும் ஹாரன்களை மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் 119-ஆம் விதி தடை செய்திருந்தும் அவை ஒழியவில்லை. ஆம்புலன்சின் ஒலியும் இதே தடுப்பைத் தாண்டித்தான் ஓட்டுநரை எட்ட வேண்டும். இரைச்சல் குறைந்த காரில் ஓட்டுநர் தன் வேகத்தை உள்ளதைவிடக் குறைவாக மதிப்பிடுகிறார் என்பதும் சோதனைகளில் கண்ட உண்மை.

தகடு வேண்டவே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். நாள்தோறும் பத்து மணி நேரம் வாடகைக் கார் ஓட்டுபவரின் களைப்பை அது சிறிது குறைக்குமானால் நல்லதே. உண்மையில், மிகுதியாகத் தேவைப்படுவது அவரைவிட பஸ் ஓட்டுநருக்கு. முன்புறம் எஞ்சின் கொண்ட பஸ்களில் அவர் முழங்காலுக்கு அருகிலேயே எஞ்சின் உறுமுகிறது. எட்டு மணி நேரப் பணிக்கு 85 டெசிபெலுக்கு மேற்பட்ட ஒலி கேள்விக்கு ஊறு செய்யக்கூடும் என்று அமெரிக்கத் தொழில் நலவாழ்வு நிறுவனம் வரையறுத்திருக்கிறது. எஞ்சின் மூடிக்குத் தரமான தணிப்புத் தகடும் கனத்த விரிப்பும் போட ஆகும் செலவு, ஒரு சொந்தக் காருக்கு முழுத் தகடு ஒட்டும் செலவைவிடக் குறைவு. ஒலி மூலத்துக்கு மிக அருகில் இருப்பதால் பயனும் மிகுதி. நம் கடைகளின் விளம்பரம் அவரை நோக்கி ஏன் திரும்புவதில்லை என்பதற்கு இயற்பியலில் விடை இல்லை.

மூலத்தில் தணிப்பது

ஒலியைக் காதருகே தடுப்பதைவிடப் பிறக்கும் இடத்தில் தணிப்பதே சிறந்தது. அது உள்ளிருப்பவருக்கும் வெளியிருப்பவருக்கும் ஒருங்கே பயன் தரும்.

முதலில் டயர். ஐரோப்பாவில் 2012 முதல் ஒவ்வொரு டயரிலும் அதன் வெளி ஒலி எத்தனை டெசிபெல் என்று சீட்டு ஒட்ட வேண்டும். நம் நாட்டிலும் டயர் உருளும் ஒலிக்கு வரம்பு வைக்கும் விதி 2022-ல் அறிவிக்கப்பட்டது. டயர் மாற்றும்போது விலையையும் கிலோமீட்டரையும் கேட்கும் நாம் ஒலியையும் கேட்கலாம். ஒருபக்கம் தேய்ந்த டயர், கோணலான சக்கரம், பழுதான பேரிங் இவற்றின் 'ஊ' ஒலியை எந்தத் தகடும் மறைக்காது; மறைத்தால் ஆபத்து.

அடுத்தது சாலை. நுண்துளைகள் விட்டுப் போடும் தார்ச்சாலை டயர் ஒலியைச் சில டெசிபெல் குறைக்கிறது; நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் அத்தகையவை. நம் சமவெளியின் புழுதி அத்துளைகளை அடைத்துவிடும் என்ற இடர் உண்டு. ஆனால் சாலைக் கலவையைப் பற்றிச் சிந்திக்க மதுரைக்குப் பிறர் கற்றுத்தர வேண்டியதில்லை. தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இராசகோபாலன் வாசுதேவன், சூடேற்றிய சல்லிக்கற்களின்மீது பிளாஸ்டிக் கழிவைப் பூச்சாக உருகச் செய்து, பிறகு தாருடன் கலக்கும் முறையை வகுத்தார். 2013-ல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அம்முறை குப்பைக்கும் சாலையின் உறுதிக்கும் வகுத்தது, ஒலிக்காக அல்ல. ஆயினும் ஒரு கல்லூரி ஆய்வகத்திலிருந்து நாட்டின் சாலையை மாற்ற முடியும் என்று அது காட்டிவிட்டது. நம் வெயிலுக்கும் புழுதிக்கும் ஏற்ற, ஒலி குறைந்த சாலைக் கலவை எது என்ற வினா இதைப் படிக்கும் மாணவர் ஒருவருக்காகக் காத்திருக்கலாம்.

கடைசியாக, காசில்லாத ஒரு வழி. டயர் ஒலி, வேகம் இரட்டித்தால் ஏறத்தாழ 9 டெசிபெல் கூடுகிறது. இதன்படி மணிக்கு 80 கி.மீ. வேகத்தை 60 ஆகக் குறைத்தால் ஏறக்குறைய 4 டெசிபெல் குறையும். கவனமாகத் தகடு ஒட்டிப் பெறும் பயனும் இந்த அளவுதான்! மதுரையிலிருந்து திருமங்கலத்துக்கு 20 கி.மீ. என்று கொண்டால், இதற்கு நாம் கொடுக்கும் விலை ஐந்து நிமிடம். இளநீர் விற்பவருக்கும் அந்த 4 டெசிபெல் கிடைக்கிறது.

என் நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்க மனமில்லை அவருக்கு. முழுக் காருக்கு வேண்டாம், கதவுகளின் நடுவிலும் பின் சக்கரங்களின் மேலும் மட்டும் ஒட்டினால் போதும் என்று கடையில் சொல்லச் சொன்னேன். எஞ்சிய பணத்தில் பீடிங் ரப்பரை மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் வந்து, 'கடைக்காரர் ஒத்துக்கொண்டார் சார். ஆனால் விழுக்காடு எவ்வளவு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை' என்றார். கேட்கத் தொடங்கிவிட்டார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.